சம்பளம் பேசும்போதே திறமூலத்தையும் பேசுங்கள்

கேள்வி: 2025 ஜனவரி 14

நான் வேலை பார்க்கும் நிறுவனத்தில் சர்வரிலிருந்து திரையில் தெரியும் பொத்தான் வரை எல்லாமே திறமூல மென்பொருள்தான், அதாவது யாரும் எடுத்துப் படிக்கவும் பயன்படுத்தவும் திருத்தவும் முடிகிற நிரல். இதுவரை ஒரு வரியைக்கூட நாங்கள் திருப்பிக் கொடுத்ததில்லை. ஒரு நிரலகத்தில் (பலரும் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பில்) வழு ஒன்றை, அதாவது பிழையை, கண்டுபிடித்துத் திருத்தியும் வைத்திருக்கிறேன். அதை அந்தத் திட்டத்துக்கு அனுப்பலாமா என்று கேட்டால், "அது நம் வேலை இல்லை" என்கிறார் மேலாளர். அடுத்த மாதம் வேறொரு நிறுவனத்தில் நேர்முகத் தேர்வு இருக்கிறது. அங்கே இதைப் பற்றிப் பேசினால் வேலை கைநழுவிப் போய்விடுமா?

பதில்: 2025 ஜனவரி 14, இரவு

பேசுங்கள். வேலை தருகிறோம் என்று அவர்கள் சொன்ன பிறகு, நீங்கள் கையெழுத்துப் போடுவதற்கு முன்பு பேசுங்கள். சம்பளமும் விடுப்பும் பேசும் அதே அமர்வுதான் இதற்குச் சரியான இடம். உங்களை எடுத்துக்கொள்வது என்று அவர்கள் முடிவு செய்துவிட்ட நேரம் அது. அப்போது கேட்கும் கேள்விக்கு எடை அதிகம்.

"நீங்கள் திறமூலத்தை ஆதரிக்கிறீர்களா?" என்று கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். நான் கண்டுபிடிக்கும் வழுவின் திருத்தத்தை வெளியே அனுப்ப யாருடைய ஒப்புதல் வேண்டும், அது கிடைக்க எத்தனை நாள் ஆகும், கடைசியாக அப்படி அனுப்பப்பட்ட திருத்தம் எது என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு வரும் மௌனம் மற்ற இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்லிவிடும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். நாங்கள் பயன்படுத்திய ஒரு திறமூலத் திட்டத்தில், நேர மண்டலக் கணக்கில் ஒரு பிழை. என் திருத்தம் மொத்தம் 14 வரிகள். ஒப்புதலுக்காகச் சட்டப் பிரிவுக்கு அனுப்பினேன். அங்கிருந்து பாதுகாப்புப் பிரிவுக்குப் போனது, மறுபடியும் சட்டப் பிரிவுக்கே வந்தது. ஏழு மாதம் கழித்து "அனுப்பலாம்" என்று பதில் வந்த நாளில் அந்தத் திட்டத்தைத் திறந்து பார்த்தேன். யாரோ ஒரு மாணவர் அதே பிழையை ஒரு வார இறுதியில் சரிசெய்து, அது வெளியீடாகவும் வந்துவிட்டிருந்தது. அந்த ஏழு மாதமும் எங்கள் வாடிக்கையாளர்களின் அறிக்கைகளில் தவறான நேரம் பதிவாகிக்கொண்டிருந்தது.

திறமூலத்தை ஆதரிக்காத இடத்தில் வேலைக்கே சேராதீர்கள்.

2025 ஜனவரி 15

நேற்றைய குறிப்பின் கடைசி வரியைத் திரும்பப் பெறுகிறேன். அழிக்கவில்லை, கோபத்தில் எழுதினேன் என்பது தெரியட்டும். வீட்டுக் கடனும் பிள்ளைகளின் படிப்புச் செலவும் தலைக்கு மேல் இருப்பவரிடம் கொள்கைக்காக வேலையை உதறச் சொல்ல எனக்கு உரிமையில்லை.

இந்தக் கேள்வியை முதலில் கேட்க வேண்டியவர்கள், கேட்டால் எதையும் இழக்காதவர்கள். பத்து, பதினைந்து ஆண்டு அனுபவமுள்ளவர்களையும், கையில் இரண்டு மூன்று வாய்ப்புகளோடு இருப்பவர்களையும் சொல்கிறேன். புதிதாக வேலை தேடுபவர் தனியாகக் கேட்டால் "இவர் ஏதோ பிரச்சினை செய்வார்" என்று நினைக்கக்கூடும். மூத்தவர்கள் பத்துப் பேர் கேட்டுவிட்டுப் போன பிறகு அவர் கேட்டால், அது வழக்கமான கேள்வியாகிவிடும்.

ஆட்சேர்ப்பாளருக்குப் பெரும்பாலும் பதில் தெரியாது. "விசாரித்துச் சொல்கிறேன்" என்பார். அப்படி விசாரிக்கப் போவதே ஒரு வேலைதான். அந்தக் கேள்வி அவர் வழியாக நிறுவனத்துக்குள்ளே நடந்து போகிறது.

2025 ஜனவரி 18

"அது நம் வேலை இல்லை" என்ற பதில் மூன்று நாளாக என் மனத்தில் உறுத்திக்கொண்டிருக்கிறது. மேலாளர் கெட்டவர் அல்ல. திருத்தத்தை வெளியே அனுப்புவதை அவர் தர்மமாகப் பார்க்கிறார். தர்மத்துக்கு நேரமில்லை என்று சொல்வது அவர் நிலையில் நியாயம்தான். ஆகவே தர்மத்தைப் பற்றிப் பேசாமல் கணக்கைப் பேசுங்கள்.

பழைய வேலையிடம் ஒன்றில் ஒரு தரவுத்தள இணைப்பு நிரலகத்தின் மேல் நாங்கள் சொந்தமாக 23 பேட்ச்கள் (ஒட்டுத் திருத்தங்கள்) போட்டு வைத்திருந்தோம். ஒவ்வொன்றும் அந்தந்த அவசரத்தில் எழுதியது. மூலத் திட்டம் புதிய பதிப்பை வெளியிடும்போதெல்லாம் இரண்டு பேர் ஒரு வாரம் உட்கார்ந்து அந்த 23-ஐயும் மறுபடியும் பொருத்துவோம். ஏதாவது ஒன்று பொருந்தாது. அதை எழுதியவர் வேலையை விட்டுப் போயிருப்பார். இப்படியே மூன்று ஆண்டுகள் ஓடின. பாதுகாப்புத் திருத்தங்களைக்கூடத் தள்ளிப்போட்டோம், "இந்த மாதம் ஆளில்லை" என்று.

ஒருநாள் அந்த இரண்டு பேரின் நாட்களைக் கூட்டி, சம்பளத்தால் பெருக்கி, ஒரே ஒரு எண்ணாக மேலாளரிடம் கொண்டுபோய் வைத்தேன். அடுத்த வாரமே அனுமதி கிடைத்தது. எங்களுக்கு மட்டுமே பொருந்துகிற 4 பேட்ச்களை விட்டுவிட்டு மீதி 19-ஐ அனுப்பினோம். 11 சேர்க்கப்பட்டன. 4 மறுக்கப்பட்டன, காரணத்தோடு. இன்னும் 4-க்கு வந்த பதில், "இதற்கு ஏற்கெனவே ஒரு வசதி இருக்கிறது, இந்தப் பக்கத்தைப் பாருங்கள்" என்பது. அந்தக் கடைசி நான்கிலிருந்துதான் நாங்கள் அதிகம் கற்றுக்கொண்டோம். மூன்று ஆண்டுகள் தேவையே இல்லாத நிரலைச் சுமந்திருக்கிறோம். கேட்டிருந்தால் ஒரே நாளில் தெரிந்திருக்கும்.

உங்கள் கையில் இருக்கும் ஒரு திருத்தத்துக்கும் இதே கணக்குத்தான். அதை உள்ளே வைத்துக்கொண்டால் ஒவ்வொரு பதிப்புக்கும் நீங்கள்தான் பொருத்த வேண்டும். வெளியே போய்ச் சேர்ந்துவிட்டால் அது உலகத்தின் வேலை.

2025 ஜனவரி 19

நன்கொடை கொடுத்தால் போதாதா, ஆளையும் நேரத்தையும் ஏன் கேட்கிறீர்கள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நன்கொடையாவது வருகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

2014 ஏப்ரலில் ஓபன்எஸ்எஸ்எல்லில் ஹார்ட்ப்ளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியே தெரிந்தது. ஓபன்எஸ்எஸ்எல் என்பது இணையப் பரிமாற்றங்களை மறைகுறியாக்கும் நிரலகம். வங்கி, கடை, அஞ்சல் என்று உலகத்தில் பெரும்பகுதி அதை நம்பி இருந்தது. அனுப்பியவர் சொல்கிற நீளம் உண்மைதானா என்று சரிபார்க்கும் ஒரு சிறிய சோதனை விடுபட்டிருந்தது. அதனால் சர்வரின் நினைவகத்திலிருந்து யார் வேண்டுமானாலும் துண்டு துண்டாக அள்ளிக்கொண்டு போக முடிந்தது. 2012 மார்ச்சில் வந்த 1.0.1 பதிப்பிலிருந்தே அது அங்கே இருந்தது. இரண்டு ஆண்டுகள்! அந்தத் திட்டத்துக்கு வந்துகொண்டிருந்த நன்கொடை ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 டாலர். முழுநேரமாக உழைத்தவர் ஒருவர். அந்த நிரலை நம்பி வியாபாரம் செய்தவர்களில் எவருக்கும் அதைப் படித்துப் பார்ப்பது "நம் வேலை" என்று தோன்றவில்லை. ஓட்டை தெரிந்த பிறகுதான், லினக்ஸ் என்ற திறமூல இயங்குதளத்தை ஆதரிக்கும் லினக்ஸ் அறக்கட்டளை பெரிய நிறுவனங்களைக் கூட்டி நிதி திரட்டியது.

மறு ஆண்டும் இதே கதை. அஞ்சல்களை மறைகுறியாக்கும் ஜிஎன்யூபிஜி திட்டத்தை வெர்னர் காக் ஏறக்குறையத் தனியாளாகப் பராமரித்து வந்தார். 2015 பிப்ரவரியில் அவர் பண நெருக்கடியில் இருக்கிறார் என்று பத்திரிகைச் செய்தி வந்த பிறகுதான் இரண்டு பெரிய நிறுவனங்கள் ஆண்டுக்கு 50,000 டாலர் வீதம் தருவதாக அறிவித்தன. பணம் எங்கேயோ இருந்திருக்கிறது. கேட்க ஆளில்லை.

2025 ஜனவரி 26

ஆட்சேர்ப்பாளர்களைப் பற்றி.

2020-இல் செபாஸ்டியன் ராமிரெஸ் ஒரு வேலை விளம்பரத்தைப் பார்த்தார். ஃபாஸ்ட்ஏபிஐ என்ற திறமூலக் கருவியில் நான்கு ஆண்டுகளுக்கு மேல் அனுபவம் வேண்டும் என்று அதில் கேட்டிருந்தார்கள். அந்தக் கருவியை உருவாக்கியவரே அவர்தான். உருவாக்கி ஒன்றரை ஆண்டுதான் ஆகியிருந்தது. உலகத்தில் ஒருவர்கூட அந்த வேலைக்குத் தகுதி பெற மாட்டார்! இதைப் படித்துச் சிரித்தேன், பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. கருவியின் பெயர் விளம்பரத்தில் இருக்கிறது. அதைச் செய்தவர்கள் யார், எப்போது செய்தார்கள் என்ற எண்ணமே அங்கே இல்லை.

இதற்கு நேர் எதிரான தவறு ஒன்று உண்டு. அதை நானே செய்திருக்கிறேன். நேர்முகத் தேர்வு நடத்தும் இடத்தில் சில ஆண்டுகள் இருந்தேன். "உங்கள் கிட்ஹப் பக்கத்தைக் காட்டுங்கள்" என்று எல்லோரிடமும் கேட்பேன். நிரலாளர்கள் தங்கள் நிரலை வைத்துப் பகிரும் தளம் அது. திறமூலத்தை ஊக்குவிக்கிறேன் என்று உண்மையாகவே நம்பினேன். ஒரு பெண் வந்திருந்தார். வடிவமைப்புக் கேள்விகளுக்கு அவர் சொன்ன பதில்கள் அருமை. பக்கத்தைக் கேட்டேன். "என் வேலை ஒப்பந்தம் வெளியே நிரல் எழுத அனுமதிப்பதில்லை. இரவில், படுத்த படுக்கையாக இருக்கும் அம்மாவைப் பார்த்துக்கொள்கிறேன். வெளியே காட்ட என்னிடம் எதுவும் இல்லை" என்றார். என் மதிப்பெண் தாளில் அந்த இடத்தில் சுழியம் போட்டேன். வேலை வேறொருவருக்குப் போனது.

அந்தச் சுழியத்தை இன்றும் நினைத்துக்கொள்கிறேன். நான் ஊக்குவித்தது திறமூலத்தை அல்ல. மாலை நேரம் ஓய்வாகக் கிடைக்கிறவர்களை. விண்ணப்பதாரர் சம்பளமில்லாமல் உழைத்துக் காட்ட வேண்டும், நிறுவனம் அதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் என்றால், நிறுவனம் எதைக் கொடுத்தது? ஆகவே என் கருத்தைத் தலைகீழாக மாற்றிக்கொண்டேன். பங்களிப்புப் பட்டியலைக் காட்ட வேண்டியவர் வேலைக்கு வருபவர் அல்ல. வேலை தருபவர்.

எண்ணிக்கையைப் பார்த்து ஆளெடுத்தால் வேறு கேடும் வரும். கிட்ஹப் தளம் 2016-இல் தொடர் நாட்களை எண்ணும் கணக்கை எடுத்துவிட்டது. ஒரு நாளும் இடைவெளி விடக் கூடாது என்பதற்காக ஞாயிற்றுக்கிழமை இரவில் காற்புள்ளியைத் திருத்தியவர்களை எனக்குத் தெரியும். 2020-இல், திறமூலத் திட்டங்களுக்குத் திருத்தம் அனுப்ப ஊக்குவிக்கும் ஹேக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்வின்போது ஒரு டிசர்ட்டுக்காகப் பொருளற்ற திருத்தங்கள் மழையாகப் பொழிந்தன. பராமரிப்பாளர்கள் அவற்றை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தார்கள். ஒரு டிசர்ட்டுக்கே இப்படி என்றால் வேலைக்காக எப்படி இருக்கும்?

2025 ஜனவரி 27

மேலே ஒரு விஷயத்தைப் பாதியில் விட்டுவிட்டேன். அந்த ஆண்டே ஹேக்டோபர்ஃபெஸ்ட் அமைப்பாளர்கள் விதியை மாற்றினார்கள். விருப்பம் தெரிவித்த திட்டங்களுக்கு அனுப்பியவை மட்டுமே கணக்கில் சேரும் என்றாயிற்று. தவறு நடந்த சில நாட்களிலேயே திருத்திக்கொண்டார்கள். அதையும் சொல்வதுதான் முறை.

2025 பிப்ரவரி 9

ஒப்பந்தத்தைப் படித்தீர்களா? கேள்வி கேட்டவரிடம்தான் கேட்கிறேன். பலர் சம்பளப் பக்கத்தை மட்டும் படிக்கிறார்கள்.

நான் ஒருமுறை கையெழுத்துப் போட இருந்த தாளில், பணிக்காலத்தில் நான் "உருவாக்கும், கருதும், கண்டறியும்" அனைத்தும் நிறுவனத்துக்கே சொந்தம் என்று இருந்தது. நேர வரம்பு இல்லை, துறை வரம்பு இல்லை. விடுமுறையில் சொந்தக் கணினியில் நான் எழுதும் இருபது வரியும் அவர்களுடையது. அப்படியிருக்க, எந்தத் திட்டத்துக்கும் நான் நேர்மையாக ஒரு திருத்தம் அனுப்ப முடியாது. லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கருநிரலுக்கு அனுப்பும் ஒவ்வொரு திருத்தத்தின் அடியிலும் "இதை அனுப்ப எனக்கு உரிமை இருக்கிறது" என்று சான்றளித்து ஒரு வரி சேர்க்க வேண்டும். லினக்ஸில் தன் நிரல் கலந்திருக்கிறது என்று எஸ்சிஓ நிறுவனம் தொடுத்த வழக்கு தொடங்கிய மறு ஆண்டு, 2004-இல், இந்த முறை வந்தது. உரிமை யாருடையது என்று தெரியாமல் அந்த வரியை எப்படி எழுதுவது?

ஒரே ஒரு சொற்றொடரைச் சேர்க்கக் கேட்டேன்: "நிறுவனத்தின் வணிகத்தோடு தொடர்பில்லாமல், சொந்த நேரத்தில், சொந்தக் கருவிகளால் செய்தவை தவிர." இரண்டே நாளில் சேர்த்துக் கொடுத்தார்கள். மனிதவளத் துறையிலிருந்த அம்மையார், "இதுவரை யாரும் இதைக் கேட்டதில்லை" என்றார். கேட்டிருந்தால் எனக்கு முன்னால் சேர்ந்த அத்தனை பேருக்கும் கிடைத்திருக்கும்!

இது ஒன்றும் விசித்திரமான கோரிக்கை அல்ல. கலிபோர்னியாவின் தொழிலாளர் சட்டத்தில் 2870-ஆம் பிரிவு ஏறத்தாழ இதையே சொல்கிறது. கிட்ஹப் நிறுவனம் 2017-இல் தன் ஊழியர் ஒப்பந்தத்தை இந்த முறையில் திருத்தி, எவரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று வெளியிட்டது. பேசப் போகும்போது அதைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். வெறுங்கையோடு கேட்பதைவிட ஒரு மாதிரியைக் காட்டிக் கேட்பது எளிது.

2025 பிப்ரவரி 20

எக்ஸ்இசட் விவகாரத்தை இந்த இழையில் யாராவது கொண்டுவருவார்கள் என்று காத்திருந்தேன். நானே சொல்லிவிடுகிறேன்.

லினக்ஸ் உலகில் எங்கும் இருக்கும், கோப்புகளின் அளவைச் சுருக்கும் கருவி எக்ஸ்இசட். அதைப் பல ஆண்டுகள் பராமரித்தவர் லாசே காலின். 2022-இல், திருத்தங்கள் மெதுவாக வருகின்றன என்று சிலர் அஞ்சல் பட்டியலில் அவரை நெருக்கினார்கள். தன் மனநலம் சரியில்லை, இது சம்பளமில்லாத பொழுதுபோக்குத் திட்டம் என்று அவர் பொதுவில் விளக்க வேண்டியிருந்தது. அந்த நேரத்தில் உதவிக்கு வந்தவர்போல் வந்தவர் 'ஜியா டான்' என்ற பெயரில் இயங்கிய ஒருவர். இரண்டு ஆண்டுகள் பொறுமையாக வேலை செய்து நம்பிக்கையைப் பெற்று, 2024-இல் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் சர்வர்களுக்குள் நுழையும் பின்வாசலை வைத்துவிட்டார்.

களைத்துப்போன ஒருவருக்கு உதவ வேறு எவரும் வரவில்லை, தீய நோக்கத்தோடு ஒருவர் வந்தார் என்பதை நான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். எத்தனை நிறுவனங்களின் சர்வர்களில் அந்தக் கருவி ஓடிக்கொண்டிருந்தது! ஒரு நிறுவனம், ஒரே ஒரு நிறுவனம், தன் பொறியாளர் ஒருவரிடம் "வாரத்தில் அரை நாள் இவருக்குத் துணையாக இரு" என்று சொல்லியிருந்தால்?

கதையின் மறுபாதியும் நம் விஷயம்தான். அந்தப் பின்வாசலைக் கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட். உள்நுழைவதற்கு ஏறத்தாழ அரை நொடி கூடுதலாக ஆவது அவருக்கு உறுத்தியது. அதைத் துருவிக்கொண்டே போய் 2024 மார்ச் 29 அன்று உலகத்துக்கு அறிவித்தார். அவர் மைக்ரோசாஃப்ட் ஊழியர். போஸ்ட்கிரஸ் என்ற திறமூலத் தரவுத்தளத்தில் வேலை செய்வதுதான் அவருடைய வேலை. அரை நொடியைத் துரத்தும் சுதந்திரம் சம்பளத்தோடு கிடைத்த மனிதர். காலினுக்கு இல்லாதது ஃப்ராய்ண்டுக்கு இருந்தது.

2025 மார்ச் 2

இணையம் வழியாகத் தரவை அனுப்பவும் பெறவும் உதவும் கர்ல் என்ற திறமூலக் கருவியை உருவாக்கிய டேனியல் ஸ்டென்பெர்க் 2022 ஜனவரியில் ஒரு கடிதத்தை வெளியிட்டார். லாக்ஃபோர்ஜே என்ற திறமூல நிரலகத்தின் பாதுகாப்பு ஓட்டை வெளிவந்து சில வாரங்கள் ஆகியிருந்தன. ஒரு பெரிய நிறுவனம் அவருக்குக் கேள்விப் பட்டியல் அனுப்பி, 24 மணி நேரத்துக்குள் பதில் வேண்டும் என்று கேட்டிருந்தது. அவர்களோடு அவருக்கு எந்த ஒப்பந்தமும் இல்லை. ஆதரவு ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் மகிழ்ச்சியோடு பதில் சொல்கிறேன் என்று எழுதினார். கோபப்படாமல் அப்படி எழுத எவ்வளவு நிதானம் வேண்டும்!

"நம் வேலை இல்லை" என்று சொல்லும் மேலாளரிடம் காட்ட இப்போது சட்டமும் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் இணையப் பாதுகாப்பு உறுதிச் சட்டம் 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதன் முக்கியக் கடமைகள் 2027 டிசம்பரிலிருந்து கட்டாயம். அங்கே மென்பொருள் அடங்கிய பொருளை விற்பவர், தான் பயன்படுத்தும் திறமூலப் பகுதியில் ஓட்டையைக் கண்டால் அதைப் பராமரிப்பவருக்குத் தெரிவிக்க வேண்டும். திருத்தம் எழுதியிருந்தால் அதையும் பகிர வேண்டும். நீங்கள் மேலாளரிடம் கேட்ட அதே அனுமதிதான் அது.

2025 மார்ச் 5

எவ்வளவு கேட்கலாம்? பணமாக என்றால் ஓர் அளவுகோல் இருக்கிறது. 2024 அக்டோபரில் தொடங்கிய திறமூல உறுதிமொழித் திட்டம், நிறுவனத்திலுள்ள ஒவ்வொரு நிரலாளருக்கும் ஆண்டுக்கு 2,000 டாலர் வீதம் பராமரிப்பாளர்களுக்குக் கொடுக்கச் சொல்கிறது. நேரமாக என்றால், பைத்தான் மொழியை உருவாக்கிய கீடோ வான் ராசம் 2005-இல் கூகுளில் சேர்ந்தபோது பாதி நேரத்தைப் பைத்தானுக்கே செலவிட்டார். அவ்வளவு யாரும் நமக்குத் தர மாட்டார்கள். மாதத்தில் ஒரு நாள் கேட்டுப் பாருங்கள்.

ஆனால் இதில் எனக்கு ஒரு தயக்கம் இருக்கிறது. திட்டத்தின் பராமரிப்பாளர்கள் எல்லோரும் ஒரே நிறுவனத்தின் சம்பளத்தில் இருந்து, அந்த நிறுவனம் ஒருநாள் அவர்களை வேலையைவிட்டு அனுப்பினால் திட்டமே அநாதையாகிவிடும். நான் நம்பியிருந்த ஒரு கருவிக்கு அப்படி நடந்தது. ஆறு பேர் ஒரே காலையில் போனார்கள். பத்து நிறுவனங்கள் ஆளுக்கு ஒரு நாள் கொடுப்பது, ஒரு நிறுவனம் பத்து நாள் கொடுப்பதைவிட உறுதியானது என்று இப்போது நினைக்கிறேன். இதில் மாற்றுக் கருத்து உள்ளவர்கள் எழுதுங்கள். நான் முடிவுக்கு வரவில்லை.

2025 மார்ச் 16

கேள்வி கேட்டவரிடமிருந்து தகவல் வந்தது. நேர்முகத் தேர்வு முடிந்து, சம்பளம் பேசும்போது கேட்டிருக்கிறார். ஆட்சேர்ப்பாளருக்குத் தெரியவில்லை. மூன்று நாள் கழித்துத் தொழில்நுட்பத் தலைவரே அழைத்துப் பேசினாராம். நிறுவனத்தில் எழுதிய விதி எதுவும் இல்லையாம். "நீங்கள் சேர்ந்த பிறகு அதை எழுதித் தாருங்கள்" என்று சொல்லியிருக்கிறார். மாதம் ஒரு நாள் என்பதற்கு மட்டும் ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்ற பதில்தான்.

ஒரு வரி எழுதி அனுப்பச் சொல்லி என்னைக் கேட்டார். அனுப்பியது இது: "பணியின்போது எழுதப்படும் வழுத் திருத்தங்களை அந்தந்தத் திறமூலத் திட்டத்துக்குப் பணி நேரத்திலேயே அனுப்பலாம், குழுத் தலைவரின் ஒப்புதல் போதும், ஐந்து வேலை நாட்களுக்குள் மறுப்பு வராவிட்டால் ஒப்புதலாகக் கொள்ளப்படும்." அந்தக் கடைசிப் பகுதி இல்லாததால்தான் நான் அன்று ஏழு மாதம் காத்திருந்தேன். அதை மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

2025 மார்ச் 17

ஐந்து நாள் என்பது பத்து நாளாகியிருக்கிறது. மீதி அப்படியே இருக்கிறது. ஏப்ரல் 1 அன்று வேலையில் சேருகிறார்.